நாவலைப் படிப்போம், ஊரைப் பார்ப்போம்!
(தாமிரபரணிக் கரையில் ஒரு படிப்புப் பயணம்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும் எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் எலெக்ட்ரிக் பைக், ஒருவன் ரோபோ, இன்னொருவன் சோலார் பம்ப். நான் "நாவல்" என்று சொன்னதும், "ஏல, நீ டிப்ளமோ மெக்கானிக்கலா, தமிழ் எம்.ஏ.வா?" என்று சிரித்தார்கள். சிரித்ததில் தப்பில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன்.

ஆனால் நண்பர்களே, நம் ஊர் ஆற்றங்கரையில் பிறந்த நாவல்களைப் படித்துவிட்டு, அந்த ஊர்களுக்கே போய் வந்தால் என்ன கிடைக்கும் என்பதை நான் அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். செலவு அதிகம் இல்லை. பாசஞ்சர் ரயில் டிக்கெட்டும் நூலகச் சந்தாவும்தான்.

எப்படி ஆரம்பித்தது?

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கைத்தறி நெசவாளர். கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். அம்மா ஐந்தாவது வரை. ஆச்சி பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. வீரவநல்லூர் பக்கம் எங்கள் ஊர். தினமும் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறித்தான் வருகிறேன்.

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது எனக்கு இரண்டு அரியர். கணக்கு ஒன்று, மெக்கானிக்ஸ் ஒன்று. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்களுக்குத் தெரியும், முதல் மூன்று மாதம் வகுப்பில் உட்கார்ந்திருப்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோலத்தான். வீட்டில் சொல்லவில்லை. "ரிசல்ட் இன்னும் வரலப்பா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பேசாமல் திருப்பூருக்கு ரயில் ஏறிவிடலாம் என்றுகூட ஒரு யோசனை இருந்தது.

அந்த நேரத்தில்தான் கணக்குக்கு ஏதாவது கைடு கிடைக்குமா என்று பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் போனேன். அலமாரியில் ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. "பஞ்சும் பசியும்." பஞ்சு என்று இருந்ததால் டெக்ஸ்டைல் டெக்னாலஜி புத்தகம் என்று நினைத்து எடுத்துவிட்டேன். ரயிலில் உட்கார்ந்து பிரித்த பிறகுதான் தெரிந்தது, அது ஒரு நாவல் என்று. அதுவும் எங்கள் பக்கத்து ஊர்க் கதை!

அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்லுகிறேன். அது என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன மற்ற இடங்களை முதலில் பார்ப்போம்.

பெருங்குளம்: அ. மாதவையா

தமிழில் நாவல் என்ற வடிவமே புதுசுதான். 1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் "பிரதாப முதலியார் சரித்திரம்" வெளிவந்தது. 1896இல் ராஜமய்யரின் "கமலாம்பாள் சரித்திரம்" புத்தகமாக வந்தது. 1898இல் அ. மாதவையாவின் "பத்மாவதி சரித்திரம்" முதல் பாகம். தமிழ் நாவலின் முதல் மூன்று படிகள் என்று இவற்றைச் சொல்வார்கள். மூன்றாவது படி நம் ஆற்றங்கரைக்காரர் கட்டியது.

மாதவையா 1872இல் பெருங்குளத்தில் பிறந்தவர். இன்று அது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. 1986வரை எல்லாம் ஒரே ஜில்லாதானே! திருச்செந்தூர் பாசஞ்சரில் ஏறி ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி, ஆற்றுப்பாலம் தாண்டிப் பஸ் பிடித்துப் போனேன். நவதிருப்பதிக் கோயில்களில் ஒன்று அங்கே இருக்கிறது. பேருக்கு ஏற்றாற்போல் குளமும் இருக்கிறது. ஒரு டீக்கடையில் "மாதவையா பொறந்த வீடு எங்ஙன இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன். "எந்த மாதவன்? கரண்ட் ஆபீஸ்ல இருந்தாரே அவரா?" என்று கேட்டார். அவ்வளவுதான் பயணம். வெறுங்கையோடு திரும்பினேன்.

ஆனால் திரும்பி வரும் ரயிலில் ஒரு விஷயம் பொறிதட்டியது. "பத்மாவதி சரித்திர"த்தில் நாராயணன், கோபாலன் என்று இரண்டு நண்பர்கள். படிப்புக்காகக் கிராமத்தை விட்டுப் போகிறவர்கள். கடைசியில் சென்னைக் கல்லூரி. நாராயணனின் மனைவிதான் பத்மாவதி. பெண்கள் படிக்க வேண்டும் என்று மாதவையா இந்தக் கதை மூலமாக வாதாடுகிறார். படித்த நாராயணனே மனைவியைச் சந்தேகப்படுவதையும் மறைக்காமல் எழுதுகிறார். படிப்பு வந்துவிட்டால் மட்டும் புத்தி வந்துவிடாது என்று சொல்லாமல் சொல்லுகிறார்.

இதில் என் மனசைத் தொட்ட இடம் வேறு. அந்தக் காலத்தில் ஊரை விட்டுப் படிக்கப் போனவர்கள் பரம்பரையாக ஏடும் எழுத்தும் இருந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கே அத்தனை கஷ்டம், அத்தனை தடுமாற்றம். அதே ஆற்றங்கரையில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஆள் படிக்க ரயில் ஏறுவதற்கு இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அப்படியென்றால் எனக்கு இரண்டு அரியர் விழுந்ததில் என்ன ஆச்சரியம்? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் மனசு கொஞ்சம் லேசானது.

வண்ணாரப்பேட்டை: புதுமைப்பித்தன்

அடுத்தது நாம் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற இடம். புதுமைப்பித்தன் என்ற சொ. விருத்தாசலம் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். அப்பா தாசில்தார். சொந்த ஊர் திருநெல்வேலி. வளர்ந்ததும் கல்லூரியில் படித்ததும் இங்கேதான். வண்ணாரப்பேட்டையில் குடியிருந்தார். இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தது 1931இல். கணக்குப் போட்டுப் பாருங்கள் நண்பர்களே, அப்போது அவர் வயசு 25! தமிழ்ச் சிறுகதைக்கு ராஜா என்று இன்று கொண்டாடுகிறோம். அவரே நிதானமாகத்தான் பாஸ் பண்ணியிருக்கிறார். அரியர் வைத்திருக்கும் அன்பர்கள் இதைத் தைரியத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், சாக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவர் முழு நாவல் எதையும் எழுதி முடிக்கவில்லை. "சிற்றன்னை" என்ற குறுநாவல் இருக்கிறது. சிறுகதைகளில்தான் அவருடைய உயிர். "துன்பக்கேணி" என்ற நீண்ட கதையைக் கட்டாயம் படியுங்கள். நம் ஜில்லாவின் ஒரு கிராமத்திலிருந்து பிழைப்புக்காக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பாடு அது. நாம் காலையும் மாலையும் குடிக்கிற டீயில் யாருடைய ரத்தம் கலந்திருக்கிறது என்று தெரியும். பத்திரிகை, சினிமா என்று அலைந்து, காசநோயால் 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்துபோனார். வயசு 42 ஆனபோது.

அதே வண்ணாரப்பேட்டையில்தான் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வீடும் இருந்தது. அங்கே நண்பர்கள் கூடிக் கவிதை பேசிய கூட்டத்துக்கு "வட்டத்தொட்டி" என்று பெயர். நாம் அங்கே பஸ்ஸுக்கு நின்றுகொண்டு செல்போன் பார்க்கிறோம்!

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஜங்ஷன், டவுன் பக்கம் போக வேண்டுமானால் சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்ட வேண்டும். 1843இல் திறந்த பாலம். கலெக்டர் ஆபீசில் சிரஸ்ததாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. 60 அடி அகலத்தில் 11 வளைவுகள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குள் இறங்கி நின்று பார்த்தேன். சிவில் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும், வளைவின்மேல் எடை ஏற ஏறக் கல்லோடு கல் இறுகும். எடை இரண்டு பக்கத் தூணுக்கும் இறங்கிவிடும். புதுமைப்பித்தன் டவுனுக்குப் போன வழியும் இதுதான். அவர் நடந்த பாலத்தின் மேல் நின்று அவர் கதையை நினைத்துக்கொண்டால் உடம்பு சிலிர்க்கிறது. இந்தச் சிலிர்ப்புக்கு டிக்கெட் கிடையாது.

டவுனுக்குப் போனால் இந்துக் கல்லூரிப் பள்ளியையும் பாருங்கள். பாரதியார் சிறுவயதில் படித்த பள்ளி. அவர் படித்த வகுப்பறையை நினைவாக வைத்திருக்கிறார்கள். அவர் மனைவி செல்லம்மாளின் ஊர் கடையம். 1918 கடைசியில் புதுச்சேரியை விட்டு வந்த பிறகு 1920வரை அங்கே இருந்தார். செங்கோட்டை ரயிலில் கீழக்கடையம் ஸ்டேஷனில் இறங்கிப் போகலாம்.

டவுனும் பாளையங்கோட்டையும்: வண்ணநிலவன்

பழைய நாவல்தான் படிக்க வேண்டும் என்று இல்லை. வண்ணநிலவனின் "கம்பா நதி" 1979இல் வந்தது. ஐப்பசித் திருக்கல்யாணத்தின்போது காந்திமதி அம்மன் தவம் இருக்கிற கம்பை நதியின் பெயர்தான் தலைப்பு. ஆனால் உள்ளே இருப்பது சாமி கதை இல்லை. வேலை கிடைக்காமல் டவுன் தெருக்களில் நடக்கிற ஒரு பையனின் கதை. டிப்ளமோ முடித்துவிட்டு ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் ஃபைலோடு நிற்கப் போகிற நமக்கு இதைவிட நெருக்கமான கதை எது?

அவருடைய "ரெயினீஸ் ஐயர் தெரு" 1981இல் வந்தது. பாளையங்கோட்டையில் கொஞ்சம் வீடுகளே உள்ள ஒரு சின்னத் தெரு. ஐயர் என்றதும் நான் அக்ரகாரம் என்று நினைத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் குருமாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். ரெயினீஸ் என்பவர் ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838இல் இங்கேயே இறந்தவர். தமிழுக்கு இலக்கணப் புத்தகம் எழுதியவர். ஒரு தெருப் பெயரைக் கிளறினால் எவ்வளவு வரலாறு வருகிறது பாருங்கள்! இந்த வேலையையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் ராஜவல்லிபுரம் ரா.பி. சேதுப்பிள்ளை. "ஊரும் பேரும்" என்ற அவருடைய புத்தகமும் நூலகத்தில் இருக்கும்.

கதையைப் படித்துவிட்டுப் பாளையங்கோட்டைத் தெருக்களில் ஒரு சாயங்காலம் நடந்தேன். எதிரெதிர் வீடுகள், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர், ஜன்னலில் ஒரு பாட்டி. எல்லாத் தெருவும் அந்தத் தெருவாகத்தான் தெரிந்தது. நாவல் செய்கிற வேலை இதுதான் என்று நினைக்கிறேன். நாம் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற தெருவில் மனுஷர்கள் இருக்கிறார்கள் என்று காட்டிவிடுகிறது.

அம்பாசமுத்திரம்: "பஞ்சும் பசியும்"

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

தொ.மு.சி. ரகுநாதன் 1923இல் திருநெல்வேலியில் பிறந்தார். அவருடைய அண்ணன் பாஸ்கரத் தொண்டைமான் "வேங்கடம் முதல் குமரி வரை" என்று கோயில் கோயிலாகப் போய் எழுதியவர். தம்பி தறிக்குழியைப் பார்த்து எழுதினார். புதுமைப்பித்தனின் நண்பர். அவர் இறந்த பிறகு 1951இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். கார்க்கியின் "தாய்" நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். பாரதி பற்றிய ஆராய்ச்சிக்காக 1983இல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றார். 2001 டிசம்பர் கடைசி நாளில் பாளையங்கோட்டையில் காலமானார்.

"பஞ்சும் பசியும்" 1953இல் வந்தது. அம்பாசமுத்திரத்துக் கைத்தறி நெசவாளர்களின் கதை. செக் மொழியிலும் பெயர்த்திருக்கிறார்கள். நம் அம்பை எங்கே, செக் நாடு எங்கே!

கதையின் பின்னணியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். யுத்த காலத்திலிருந்தே நூலுக்குக் கட்டுப்பாடு. 1947 பிரிவினையில் நல்ல பருத்தி விளைகிற பகுதிகள் பல பாகிஸ்தானுக்குப் போய்விட்டன. நூல் கறுப்புச் சந்தைக்குப் போனது. இன்னொரு பக்கம் ஆலைத் துணி மலிவாக வந்து குவிந்தது. நெசவாளி நெய்தாலும் விற்கவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. 1953இல் ஆலைத் துணிமேல் கூடுதல் தீர்வை போட்டு அந்தப் பணத்தைக் கைத்தறிக்குக் கொடுக்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் தி.மு.க.வினர் தெருத் தெருவாகக் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார்கள். நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்கு இதுவே சாட்சி.

இந்தக் காலத்தில் கௌரவமாக வாழ்ந்த கைலாச முதலியார் கடனில் மூழ்கி உயிரை விடுகிறார். பதுக்கல் வியாபாரி தாதுலிங்க முதலியார் பெருக்கிறார். கைலாச முதலியாரின் மகன் மணி ஊரை விட்டுப் போய்த் தொழிலாளர் இயக்கத்தாரோடு சேருகிறான். கடைசியில் நெசவாளர்கள் பயத்தை விட்டு ஒன்றாகத் தெருவில் இறங்குகிறார்கள்.

புத்தகத்தைத் திறந்த முதல் நாள் ராத்திரி நான் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். பாடப் புத்தகம் படிக்கிறேன் என்று அம்மா சந்தோஷப்பட்டாள். தார் சுற்றிக்கொண்டிருந்த ஆச்சி ராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏல, அது என்ன புஸ்தகம்? நம்ம சங்கதி மாதிரி இருக்கு?"

"நம்ம சங்கதிதான் ஆச்சி. அம்பாசமுத்திரத்துத் தறிக்காரங்க கதை."

"நம்மளப் பத்தியா? எவன்ல எழுதுனான்? நம்மளப் பத்தி எழுத என்ன இருக்கு?"

அன்றிலிருந்து தினமும் ராத்திரி படித்துக் காட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. அப்பாவும் தறியில் உட்கார்ந்தபடியே கேட்பார். சுவாரசியமான இடம் வந்தால் தறிச் சத்தம் நின்றுவிடும். ஒன்பது ராத்திரி ஆனது முடிக்க.

நெசவு விஷயம் வரும்போதெல்லாம் ஆச்சி நிறுத்தச் சொல்லிக் கேள்வி கேட்பாள். "பாவு ஆத்துததுன்னா என்னன்னு தெரியுமால உனக்கு? சும்மா வாசிக்கிய." எனக்குத் தெரியாது. தறிவீட்டில் பிறந்து பதினெட்டு வருஷம் ஆகியும் தெரியாது. படிக்கிற பிள்ளை என்று தறிப்பக்கம் விட்டதே இல்லை. ஆச்சி சொன்னாள்: பாவு என்பது நீளவாக்கில் ஓடுகிற நூல். அதைத் தெருவில் நீளமாக விரித்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் நீவிவிடுவது பாவு ஆற்றுவது. விடியுமுன்னே தெருவே கூடி அந்த வேலையைச் செய்யும். குறுக்கே போவது ஊடை.

அப்பா என்னைத் தறிக்குழிக்கே கூப்பிட்டார். மிதியை மிதித்தார். விழுது ஏறி இறங்கியது. பாவு இரண்டாகப் பிரிந்து நடுவில் வழி விட்டது. கயிற்றை வெட்டி இழுத்ததும் நாடா அந்த வழியாகப் பறந்தது. அச்சு வந்து ஊடையை அடித்து நெருக்கியது. "இதுக்குப் பேரு என்னமோ உங்க புஸ்தகத்துல இருக்குமே?" என்றார். இருந்தது! மிதி என்பது லிவர். சின்ன அசைவில் விழுது முழுசும் ஏறுகிறது. நாடாவுக்குக் கொடுக்கிற வெட்டு இம்பல்ஸ். இந்தப் பறக்கும் நாடாவை 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கண்டுபிடித்தார் என்று பிறகு படித்தேன். எந்த மெக்கானிக்ஸ் பேப்பரில் நான் ஃபெயிலோ, அதே மெக்கானிக்ஸ் எங்கள் வீட்டுக்குள் நாளெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நூல் நம்பர் கணக்கும் அப்படித்தான். ஒரு சிட்டம் நூல் 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ அதுதான் நம்பர். 40ஆம் நம்பர் என்றால் 40 பெருக்கல் 840, ஆக 33,600 கெஜம். மீட்டராக மாற்றினால் சுமார் 30,700. அதாவது ஒரு பவுண்டு நூலை நீட்டிப் பிடித்தால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறைய எங்கள் ஊர் வரைக்கும்! நம்பர் கூடக் கூட நூல் மெலியும். நோட்டில் போட்டுக் காட்டினேன். அப்பா அந்தத் தாளைத் தறிமேட்டில் செருகி வைத்திருக்கிறார்.

கைலாச முதலியார் சாகிற இடத்தைப் படித்த ராத்திரி யாரும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஆச்சி சொன்னாள்:

"எனக்கு ஆறு வயசு இருக்கும். நூலே கெடைக்கல. தறி சும்மா கெடந்துச்சு. அம்பாசமுத்திரத்துல கஞ்சி ஊத்துதாங்கன்னு எங்கய்யா என்னத் தோள்ல வச்சித் தூக்கிட்டுப் போனாவ. வரிசையில நின்னு எனக்கு மட்டும் வாங்கிக் குடுத்தாவ. அவுக குடிக்கல. 'நீங்க குடிக்கலியாய்யா'ன்னு கேட்டேன். 'எனக்குப் பசிக்கல'ன்னாவ. வழியெல்லாம் பேசவே இல்ல."

இத்தனை வருஷத்தில் ஆச்சி இதை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்கே தெரியாது. ஒரு புத்தகம் வந்து கேட்ட பிறகுதான் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆச்சியைக் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் போனேன். ரயிலில் கல்லிடைக்குறிச்சி தாண்டினால் ஆறு, ஆற்றைத் தாண்டினால் அம்பை. பொதிகைமலை பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். கஞ்சி ஊற்றிய இடத்தைக் காட்டுகிறேன் என்று ஆச்சி முன்னால் நடந்தாள். "இங்ஙனதான்" என்றாள். கொஞ்சம் தள்ளிப் போய், "இல்ல, அங்ஙன" என்றாள். கடைகளும் செல்போன் டவரும்தான் இருந்தன. இடம் அகப்படவில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவரிடம் விசாரித்தோம். அவரும் பழைய தறிக்காரர்தான். ரகுநாதன் பெயரைச் சொன்னேன். "யாருன்னு தெரியாதேய்யா" என்றார். கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். "ஆளத் தெரியாது. ஆனா இந்தக் கத எனக்குத் தெரியும்" என்றார். பிறகு அவரும் ஆச்சியும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன்.

திரும்பும்போது ஆற்றில் கால் நனைத்தோம். நான் அங்கே வைத்துத்தான் அரியர் விஷயத்தை ஆச்சியிடம் சொன்னேன். "பெயிலா? அவ்வளவுதானா? திரும்ப எழுதக் கூடாதா?" என்று கேட்டாள். எழுதலாம் என்றேன். "அப்ப எழுது. எங்கய்யாவுக்கு அந்தக் கஞ்சிக்கு மறுவரிசை கெடையாது" என்றாள்.

வெளிநாட்டில் எப்படி?

எழுத்தாளர் வாழ்ந்த இடத்துக்குப் போவது உலகமெங்கும் உள்ள வழக்கம். ரஷ்யாவில் டால்ஸ்டாயின் யாஸ்னயா போல்யானா பண்ணை 1921 முதல் மியூசியம். இங்கிலாந்தில் ப்ராண்டி சகோதரிகள் வாழ்ந்த ஹாவொர்த் வீடு 1928 முதல் மியூசியம். அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் ஜேம்ஸ் ஜாய்ஸின் "யுலிசிஸ்" நாவலில் கதை நடக்கிற ஜூன் 16ஆம் தேதியையே விழாவாகக் கொண்டாடுகிறார்கள். நம் பக்கத்திலும் எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் இருக்கிறது. கல்கி முன்நின்று பொதுமக்களிடம் பணம் திரட்டி 1947இல் திறந்தது. மற்ற இடங்களில் நாம்தான் படித்துவிட்டுப் போய் விசாரிக்க வேண்டும். அதுவும் ஒருவிதத்தில் நல்லதுதான். மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டி இருக்கும், திண்ணைப் பெரியவர் இருக்க மாட்டார்.

செய்முறை (ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்ளவும்)

நோக்கம்: ஒரு நாவலைப் படித்து, அதன் ஊரை நேரில் கண்டு, நம் வாழ்க்கையோடு ஒப்பிட்டு அறிதல்.

தேவையான பொருள்கள்: நூலக அட்டை, நாவல் 1, நோட்டு 1, பாசஞ்சர் டிக்கெட், தண்ணீர் பாட்டில், முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவர்.

செய்முறை:
1. முதலில் முழுசாகப் படிக்க வேண்டும். படிக்காமல் போனால் அது வெறும் ஊர்சுற்றல்.
2. கதையில் வரும் ஊர், தெரு, தொழில் இவற்றைத் தனியே குறிக்க வேண்டும். புரியாத தொழில் சொல்லை அந்தத் தொழில் செய்கிறவரிடமே கேட்க வேண்டும்.
3. கதை நடந்த வருஷத்தில் நாட்டில் என்ன நடந்தது என்று தேட வேண்டும். காரணம் தெரியாவிட்டால் கதை பாதிதான் புரியும்.
4. ஊரில் எழுத்தாளரின் வீட்டை மட்டும் தேட வேண்டாம். அவர் எழுதிய மனுஷர்களைத் தேடுங்கள்.
5. வீட்டில் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். இது ரொம்ப முக்கியம்.

முன்னெச்சரிக்கை: நாவலில் உள்ளது எல்லாம் அப்படியே நடந்தது என்று நினைக்கக் கூடாது. அது கற்பனை. ஊரும் மாறிப்போயிருக்கும். ஆற்றில் ஆழம் தெரியாமல் இறங்கக் கூடாது.

முடிவு: அவரவர் சோதனையில் காண்க!

நிறைவாக...

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிற நம் ஆறு ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான். இந்தியாவின் பெரிய ஆறுகளோடு பார்த்தால் வாய்க்கால். இந்தச் சின்னக் கரையில் இத்தனை எழுத்து! நாம் படிக்காமல் விட்டால் யார் படிப்பார்கள்?

தொழிற்கல்வி படிக்கிறவனுக்குக் கதை எதற்கு என்று கேட்கிறார்கள். நாம் நாளைக்கு இயந்திரத்தோடு வேலை செய்யப் போகிறவர்கள். ஆலை வந்தபோது கைத்தறிக்காரனுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொண்டுதான் புது இயந்திரத்தின் சுவிட்சைப் போட வேண்டும். அதைச் சொல்லித் தருகிற பாடம் நம் சிலபஸில் இல்லை. நாவலில் இருக்கிறது.

கேட்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்ஸ் பாஸ் ஆகிவிட்டது. கணக்கு இன்னும் நிற்கிறது. வருகிற பரீட்சையில் முடித்துவிடுவேன்.

புத்தகம் முடிந்த ராத்திரி அப்பா ஒன்று சொன்னார்: "அந்தக் காலத்துல நூல் இல்ல. இப்ப நூல் இருக்கு, கூலி இல்ல. இத யாரு எழுதுவா?" நான் பதில் சொல்லவில்லை. அம்பையில் எழுதின நோட்டை எடுத்துக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கு" என்றார்.



— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை